கந்தையைத் தைத்த கைகள்

கந்தை என்னும் சொல் எம்மவர் மத்தியில் மதிப்புப் பெற்ற சொல்லன்று. உடுக்க வேறில்லாதவன் உடுப்பது கந்தை. ஆண்டி தோளில் கிடப்பது கந்தை. அடுப்பிலிருந்து சட்டியை இறக்கக் கையிற் பிடிப்பதும் கந்தைதான். ஆயின் இச்சொல்லின் உடன்பிறப்பு ஒன்று வங்காளத்திலே மிகுந்த கௌரவத்துடன் வாழ்ந்து வருகின்றது. ஒட்டுப்போட்டுத் தைத்த ஆடையை வடமொழியிற் ‘கந்தா’ என்பர். அதுவே தமிழிற் கந்தையாயிற்று. வங்காளத்திற் காந்தா ஆயிற்று. உடுத்து நைந்த சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றின் கரைகளிலிருந்தே வண்ண நூல்களை உருவியெடுத்து, அந்நூலால் தாமரையும் மீனும் தேரும் தோன்றத் தைக்கப்படும் போர்வைகள் அவை. வங்கக் கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் இத்தகைய போர்வையொன்றைத் தலைப்பிலேயே வைத்து ஒரு நெடுங்கவிதை வெளியிட்டார். ஒரே வேர்ச்சொல் ஓரிடத்தில் கலையின் பெயராகவும் இன்னோரிடத்தில் வறுமையின் பெயராகவும் வழங்குவதற்குக் காரணம் யாது என்னும் கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு. அக்கேள்வி நூலகத்திற் பிறந்ததன்று; எங்கள் வீட்டு விறாந்தையிற் பிறந்தது.

தமிழ் பயிலும் மாணவர் அனைவரும் பொருநராற்றுப்படையை அறிவர். வறுமையின் எல்லையில் நின்று கரிகாற் பெருவளத்தானிடம் சென்ற பொருநனின் ஆடையை முடத்தாமக்கண்ணியார் வருணிக்கும் பகுதி வகுப்பிற் படிக்கும்போது பலருக்கும் சிரிப்பை வரவழைக்கும். ஈரும் பேனும் அதிலே குடியிருந்தன. அது வியர்வையில் நனைந்திருந்தது. வேற்று நூல்கள் அதனுள்ளே நுழைந்திருந்தன. அத்தகைய கந்தலை நீக்கிப் பாம்பின் உரியையொத்த நுண்ணிய ஆடையை மன்னன் அளித்தான் என்பது செய்தி. உரையாசிரியர்கள் கொடையின் சிறப்பை விளக்குவர். நெசவின் நுண்மையை வியப்பர். ஆனால் அந்த வேற்று நூலை ஊசியிற் கோத்து அக்கந்தலில் ஓட்டியவர் ஒருவர் இருந்திருக்க வேண்டுமல்லவா? பாட்டில் தையலுக்குத் ‘துன்னல்’ என்று அழகான பெயர் இருக்கின்றது. சிலப்பதிகாரத்துப் புகார் நகரிலே துன்னகாரர் என்று தொழில் செய்வோரும் இருக்கின்றனர். வீட்டுக்குள்ளிருந்து பொருநனின் கந்தையைத் தைத்த கைக்கு மாத்திரம் பெயரில்லை. மன்னன் களைந்தெறிந்தது அந்தக் கையின் வேலையையுந்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தைப்பவர் வீட்டிற் பிறந்தவளுக்கு இப்படித்தான் தோன்றும் போலும்.

எங்கள் வீடு மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலயில் இருக்கின்றது. வயலும் தென்னையும் மிளகுக் கொடியும் சூழ்ந்த, சிங்கள மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி. அம்மாயி, அதாவது என் தாயாரின் தாயார், இளமையில் மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிற் கொழுந்து பறித்தவர். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975இல் அதற்குக் கொண்டுவரப்பட்ட திருத்தமும் தோட்டங்களை அரசின் கைக்கு மாற்றிய காலத்தில், மலையகத்திலே பல குடும்பங்கள் வேலையையும் லயன் காம்பிராவையும் இழந்து இடம்பெயர்ந்தன. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. அம்மாயி தம்மோடு கொண்டுவந்த சாமான்களைப் பற்றிக் கூறும்போது அம்மிக்கு அடுத்தபடியாக ஒரு போர்வையைக் கூறுவார்.

அப்போர்வையின் நடுவே இருந்தது ஒரு கம்பளி. தோட்டத் தொழிலாளியின் வரலாற்றிற் கம்பளிக்குத் தனியிடம் உண்டு. மழைக்கும் பனிக்கும் தலையிற் போட்டுக்கொள்ளத் தோட்ட நிர்வாகம் அதனைக் கொடுக்கும். பின்னர் அதன் விலையைச் சம்பளக் கணக்கிற் கழித்துக்கொள்ளும். அந்தக் கடனிற் பெற்ற கம்பளி ஓட்டை விழுந்து மலைக்குப் பயன்படாமற் போனபின், அதன் இருபுறமும் நைந்த சேலைகளை வைத்து அம்மாயி தைத்துவிடுவார். கம்பளியின் சொரசொரப்புக் குழந்தைகளின் உடலிற் குத்தாது. சேலையின் மென்மை குளிரைத் தாங்காத குறையும் தீரும். நூல் எங்கிருந்து வந்தது? கோதுமை மா வரும் துணிச் சாக்கின் வாயிலிருந்து வந்தது. அச்சாக்குகளின் தையல் சங்கிலித் தையல். சரியான முனையைக் கண்டுபிடித்து இழுத்தால் முழு நூலும் அறாமல் ஒரே இழையாய் வந்துவிடும். பிழையான முனையை இழுத்தால் முடிச்சு இறுகிவிடும். அந்த முனையைக் கண்டுபிடிப்பதில் அம்மாயி வல்லவர். (1930களின் பொருளாதார நெருக்கடியில் அமெரிக்கக் கிராமத்துப் பெண்களும் மா மூட்டைத் துணியாற் போர்வையும் சட்டையும் தைத்தனர் என்றும், அதையறிந்த ஆலைகள் மூட்டைத் துணியிற் பூப்போட்டு விற்கத் தொடங்கின என்றும் பின்னர் படித்தபோது, எங்கள் ஊருக்கு வந்த சாக்குகளில் எவரும் பூப்போடவில்லையே என்று எண்ணிக்கொண்டேன்.)

ஈண்டு ஒரு சொல் விளக்கம் தேவைப்படுகின்றது. ஆங்கிலத்திற் ‘குவில்ற்’ எனப்படும் போர்வையில் மூன்று அடுக்குகள் உண்டு. மேற்துணி, நடுவே வெம்மை தரும் பொருள், அடித்துணி என்பன அவை. மூன்றையும் ஊடுருவி ஊசியை மேலும் கீழுமாக ஓடவிட்டு இணைப்பது அடுக்குத் தையல். மேற்துணியைச் சிறு துண்டுகளால் ஆக்குவது ஒட்டு வேலை. இவை இரண்டும் வெவ்வேறு தொழில்கள். ஒட்டு வேலையில் கண்ணுக்கு விருந்து உண்டு. போர்வை எத்தனை முறை துவைத்தாலும் குலையாதிருப்பது அடுக்குத் தையலால். காட்சிக்கு வைத்த போர்வைகளைப் பற்றி எழுதுவோர் முன்னதையே மிகுதியும் எழுதுவர். துவைக்கும் பொறுப்புடையோர் பின்னதையே முதலிற் பார்ப்பர். போர்வையைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்ப்பர்.

அம்மா வீட்டிலிருந்து தைப்பவர். பாடசாலைச் சீருடை, சட்டை, சேலைக்குக் கரையடித்தல் ஆகியவை வருமானத்துக்கு. எஞ்சும் நேரத்தில் வெட்டுத் துணிகளால் கால்மிதியும் தலையணை உறையும் தைப்பார். கட்டுநாயக்காவில் 1978இல் சுதந்திர வர்த்தக வலயம் தோன்றியதும், 1992இல் இருநூறு ஆடைத் தொழிற்சாலைகளைக் கிராமங்கள்தோறும் அமைக்கும் திட்டம் வந்ததும் பொருளியல் மாணவர் அறிந்த வரலாறு. அந்த வரலாற்றின் அடியில் மேசைக்குக் கீழே விழுந்த துணி குவிந்தது. அத்துணி நிறுவைக் கணக்கில் மூட்டையாய் ஊருக்கு வரும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எவரோ அணியப்போகும் சட்டையின் கைக்குழிக்கு வெளியே நின்ற பிறை வடிவத் துண்டுகள் எங்கள் விறாந்தையிற் குவியும். ஒரே நிறத்தில் நூறு பிறைகள் கிடைக்கும். ஒரு முழத்துணி கிடையாது. பிறை வடிவத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதே அம்மாவின் இருபது ஆண்டுக் கால ஆராய்ச்சி எனலாம்.

நடுவே வைக்கும் பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாத்தளைப் பகுதியில் இலவ மரத்துக்குக் குறைவில்லை. மெத்தைக்கும் தலையணைக்கும் இலவம் பஞ்சே இங்கு வழக்கம். அதனைப் போர்வைக்குள் வைக்கலாமே என்று கேட்பவருக்கு அம்மா சிரிப்பையே பதிலாகத் தருவார். இலவ இழை உள்ளே குழலாய், வெளியே மெழுகு பூசியதுபோல் வழுவழுப்பாய் இருக்கும். நீரில் எளிதில் நனையாது. அதனாலேயே முன்னாளில் கப்பல்களில் உயிர்காப்பு அங்கிகளுக்குள் அதனை அடைத்தனர். ஆனால் இழை இழையோடு பற்றாது. இரண்டு சலவையில் பஞ்செல்லாம் ஒரு மூலைக்கு ஓடிக் கட்டியாகிவிடும். இலவு காத்த கிளியைப் பற்றி நம்மவர் எத்துணையோ பேசிவிட்டனர். இலவம் பஞ்சைப் போர்வைக்குள் அடைத்தவரின் பாட்டை எவரும் பேசவில்லை. ஆகவே பழைய சேலையும் பழைய சாரமுமே எங்கள் வீட்டு நடுவடுக்கு.

2022 பெப்ரவரியில் உயர்தரப் பரீட்சையை எழுதினேன். அதன்பின் பல்கலைக்கழக அனுமதிக்காக ஓராண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாட்டில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீடித்ததை எவரும் மறந்திரார். அம்மாவின் தையல் இயந்திரத்துக்குப் பூட்டியிருந்த மோட்டார் ஓய்ந்தது. துணி விலை ஏறியதால் தைக்கக் கொடுப்போரும் குறைந்தனர். கையூசிக்கு மின்சாரம் தேவையில்லை. பகல் வெளிச்சம் போதும். அந்நாட்களில்தான் பிறநாட்டுத் தையல் முறைகளைப் பயின்று வீட்டிற் செய்து பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் எடுத்துக்கொண்டது ஆங்கிலேய, அமெரிக்க வழக்கிலுள்ள சதுர ஒட்டு. ஐந்தங்குலச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வோர் ஓரத்திலும் கால் அங்குலம் மடிப்புக்கு விட்டு இணைத்தால், தைத்தபின் ஒவ்வொரு சதுரமும் நாலரை அங்குலமாக நிற்கும். அகலத்துக்குப் பதின்மூன்று, நீளத்துக்குப் பத்தொன்பது என்று 247 சதுரங்கள் வைத்தால் ஏறத்தாழ ஐந்தடிக்கு ஏழடிப் போர்வை ஒன்று கிடைக்கும். கணக்குச் சுத்தமாயிருந்தது. அம்மா அதைத் தம்முடைய கணக்காற் பார்த்தார். வெட்டிய துணி 6,175 சதுர அங்குலம். தைத்தபின் கண்ணுக்குத் தெரிவது 5,002. எஞ்சிய எட்டுச் சதுர அடிக்கு மேற்பட்ட துணி தையலுக்குள் மறைந்துபோகின்றது.

“எட்டடி துணிய யாருக்கும் தெரியாம உள்ளுக்குள்ள ஒளிச்சு வைக்கவா புள்ள வெட்டின?” என்று கேட்டார்.

இதற்கு மேனாட்டு நூல்களிற் பதிலில்லை. அம்முறை, கடையிற் புதுத்துணி வாங்கி வெட்டக்கூடியோரின் முறை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். வரலாறு அவ்வளவு எளிதன்று. இங்கிலாந்தில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒட்டுப் போர்வைகளுள் ஒன்று லெவன்ஸ் மாளிகையில் உள்ளது. 1708ஆம் ஆண்டளவில் தைக்கப்பட்ட அப்போர்வையின் துண்டுகள் இந்தியச் சீத்தைத் துணிகள். மசூலிப்பட்டினமும் பழவேற்காடும் நாகப்பட்டினமும் அடங்கிய சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பியக் கம்பெனிகள் அக்காலத்திற் சாயமேற்றிய சீத்தையைக் கப்பல் கப்பலாகக் கொண்டு சென்றன. தம் நாட்டு நெசவாளர் நலிவதைக் கண்ட பிரான்ஸ் 1686இலும், இங்கிலாந்து 1700இலும் 1721இலும் அத்துணிகளுக்குத் தடைச் சட்டங்கள் இயற்றின. எனவே ஐரோப்பியப் பெண்களுக்கும் ஒரு காலத்தில் சீத்தைத் துண்டு வீணாக்க முடியாத அரும்பொருளாக இருந்தது. எம் கரையோரத்துத் துணியின் மிச்சம் அங்கே மாளிகைக் கட்டிலின் அலங்காரமாயிற்று. இன்று அவர்களுடைய சட்டையின் மிச்சம் எங்கள் விறாந்தையிற் கால்மிதியாகின்றது.

வெட்டுவதா, வெட்டாது விடுவதா என்னும் வழக்கு வீட்டிலே முற்றியிருந்த வேளையில், ஐப்பசியில் அயல்வீட்டு நெந்தா அங்கு வந்தார். (எங்கள் பகுதியில் அயலவரான சிங்கள மூதாட்டியரை நெந்தா என்றே அழைப்போம்.) மழைக்கால வஸ் முடிந்து விகாரையிற் கட்டினப் பூசைக்கு ஆயத்தம் நடைபெறும் காலம் அது. அதற்குரிய சீவரத்தை ஒரே நாளுக்குள் வெட்டி, தைத்து, சாயமிட்டு முடிக்கவேண்டும் என்பது விதி. நெந்தா அதனை எங்களுக்கு விளக்கிய முறை எந்தச் சமய நூலையும்விடத் தெளிவாயிருந்தது. புத்தர் மகதத்தின் வயல்களை, அவற்றின் வரப்புகளும் குறுக்கு வரப்புகளும் தெரியப் பார்த்துவிட்டு, அவ்வமைப்பிலே துறவியரின் ஆடையைத் தைக்க முடியுமா என்று ஆனந்தரிடம் கேட்டார் என வினய நூல் கூறுகின்றது. ஆனந்தர் தைத்துக் காட்டினார். அன்று தொட்டு முழுத்துணி தானமாகக் கிடைத்தாலும் அதனைத் துண்டுகளாக வெட்டி, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றை எண்ணிக்கைப் பத்திகளாய் மீண்டும் இணைத்தே சீவரமாக்குகின்றனர். வெட்டித் தைத்த துணிக்குச் சந்தையில் விலையில்லை. கள்வனுக்கும் அதில் ஆசை வராது. விலையை அழிப்பதற்காகவே செய்யப்படும் ஒட்டு வேலை உலகில் வேறெங்கேனும் உண்டோ அறியேன்.

நெந்தா விறாந்தையில் நின்று எதிரேயிருந்த வயலைக் கையாற் சுட்டி, பெரிய பாத்தி இது, சிறிய பாத்தி இது, வரப்பு இது என்று காட்டினார். அம்மா அன்றிரவு நெடுநேரம் பேசவில்லை. மறுநாட் காலையில், “சாமிமாரே வெட்டித் தைக்கிறாங்கன்னா வெட்டலாந்தான், ஆனா அளவுக்காக வெட்டக்கூடாது” என்று தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பின் தர்க்கம் எனக்கு முழுவதும் விளங்கவில்லை. ஆயினும் அதற்கு இசைவான ஒரு முறையைத் தேடும் பொறுப்பு என்மேல் விழுந்தது.

அத்தகைய முறை கருநாடகத்தில் இருந்தது. வட கன்னட மாவட்டத்துக் காட்டோரக் கிராமங்களில் சித்தி எனப்படும் மக்கள் வாழ்கின்றனர். போர்த்துக்கேயராலும் பிறராலும் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாய்க் கோவாவுக்குக் கொண்டுவரப்பட்டுப் பின்னர் தப்பியோ விடுபட்டோ அக்காடுகளிற் குடியேறியோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். அவர்களுள் இந்துக்களும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் உளர். அப்பெண்கள் தைக்கும் போர்வை ‘கவந்தி’. அதற்கு அளவுகோல் வேண்டா. மேற்துணியைத் தனியே ஆக்கிப் பின்னர் அடுக்கும் இரட்டை வேலையும் இல்லை. அடியில் ஒரு பழஞ்சேலையை விரிக்கின்றனர். ஒரு மூலையில் தொடங்கி, துண்டின் வெளியோரத்தை மடித்துச் சேலைமேல் வைத்து, ஓடு தையலால் அடிவரை ஊடுருவித் தைக்கின்றனர். அடுத்த துண்டின் மடித்த ஓரம் முதல் துண்டின் பிரிந்த ஓரத்தை மூடிப் படிகின்றது. இவ்வாறு நான்கு ஓரங்களையும் சுற்றி வந்து, சுற்றுச் சுற்றாக உள்நோக்கி நகர்ந்து, நடுவில் வேலை முடிகின்றது. ஒட்டும் அடுக்கும் ஒரே தையலில் நிறைவேறிவிடுகின்றன. பிறையாயினும் பட்டையாயினும் துண்டு எந்த வடிவில் உள்ளதோ அந்த வடிவிலேயே இடம் பெறும். இறுதியில் நான்கு மூலைகளிலும் முக்கோணமாய் மடித்த சிறு துணிகளைச் செருகித் தைப்பர். அவற்றுக்குப் பூ என்று பெயர். பூ இல்லாத கவந்தி நிர்வாணமானது என்பது அவர்களது எண்ணம்.

இந்த முறையைக் கேட்டதும் அம்மா அலுமாரியைத் திறந்து அம்மாயியின் சேலைகளை எடுத்தார். அம்மாயி 2021இல் காலமானவர். அவருடைய சேலைகள் ஏழு. எவருக்கும் கொடுக்கவும் மனமின்றி, உடுக்கவும் மனமின்றி வைக்கப்பட்டிருந்தவை. அவற்றுள் மூன்று நைலக்ஸ் சேலைகள். ஊசி வழுக்கும், வியர்வையை உறிஞ்சாது என்று அவற்றை விலக்கினோம். நான்கு பருத்திச் சேலைகள் எஞ்சின. நான் கத்தரிக்கோலை எடுத்தபோது அம்மா தடுத்தார்.

“செத்தவங்க சேலையில கத்தரி வைக்கிறது எனக்குச் சரியாப் படல. கிழி.”

பருத்திச் சேலையை ஓரத்திற் சிறிது பல்லாற் கடித்துவிட்டுக் கையாற் கிழித்தால், கிழிசல் இழையோடு இழையாக ஓடும். கத்தரிக்கோல் கோணக்கூடும், இழை கோணாது. தையற் கலையில் வல்லோர் நேர்கோட்டுக்குத் துணியைக் கிழிப்பது இதனாலேயே. அம்மாவின் தடையில் மரபு எவ்வளவு, தொழில் அறிவு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. கிழிக்கும்போது எழுந்த ஓசையைக் கேட்டு அம்மாவின் கண் கலங்கியது, கை நிற்கவில்லை. நைந்துபோன பகுதி எங்கே தொடங்குகின்றது என்பதைத் துணி தானே காட்டிற்று. இடது தோளில் விழுந்த பகுதி நான்கு சேலைகளிலும் முதலில் நைந்திருந்தது. இடுப்பிற் செருகிய பகுதி சாயம் போகாமற் புதிதாய் இருந்தது. ஒருவர் எவ்வாறு உடுத்தார், எந்தப் பக்கம் பாரம் சுமந்தார் என்பதை இத்தனை தெளிவாகக் காட்டும் ஆவணம் வேறில்லை. வரலாற்றுத் துறையினர் மன்னிப்பாராக.

ஐந்தடி அகலம், ஏழடி நீளம். வரிசைக்கு வரிசை அரை அங்குலம். நேராக ஓட்டியிருந்தால் 120 வரிசைகள், ஒவ்வொன்றும் ஏழடி, ஆக 840 அடித் தையல் என்று கணக்கிட்டோம். சுற்றுச் சுற்றாக ஓட்டினாலும் பரப்பு ஒன்றாகையால் நீளம் ஏறத்தாழ அதுவே. ஓரங்குலத்துக்கு ஐந்து தையல் வீதம் 50,400 தையல்கள். நூல் முந்நூறு யாருக்கு மேற் சென்றது. நாளுக்கு மூன்று மணித்தியாலம் வீதம் நாற்பது நாட்களில், இருவரும் எதிரெதிர் மூலையிலிருந்து வந்து நடுவிற் சந்தித்தோம். அம்மாவின் தையலும் எனது தையலும் இரு கையெழுத்துகளைப்போல் வேறுபட்டிருந்தன. சந்தித்த இடத்திற் பழையதை அவிழ்த்து ஒன்றாக்கலாம் என்றேன். வேண்டாம், இருக்கட்டும் என்றார். மூலைப் பூக்களுக்கு மாத்திரம் சட்டைத் தொழிற்சாலையின் பிறைகளைப் பாவித்தோம்.

அப்போர்வையை நான் விடுதிக்குக் கொண்டுவந்தேன். பேராதனையின் மார்கழிக் குளிருக்கு அது போதும். அதைப் பார்த்த தோழியொருத்தி படம் பிடித்து எங்கோ அனுப்ப, உல்லாசப் பயணிகளுக்குக் கைப்பணிப் பொருட்களை விற்கும் கடையொன்றிலிருந்து விசாரணை வந்தது. இதுபோல் ஒன்று தைத்துத் தந்தால் ஆறாயிரம் ரூபா தருவதாகக் கூறினர். துணியும் நூலும் எங்களுடையவை. அம்மா தாளில் வகுத்துப் பார்த்தார். இருவர், மூன்று மணித்தியாலம், நாற்பது நாட்கள்: 240 மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு இருபத்தைந்து ரூபா. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை ஆயிரம் ரூபாவாக்குவதற்கு எத்தனை ஆண்டுப் போராட்டம் நடந்தது என்பதும், 2021இலேயே அது நிர்ணயமாயிற்று என்பதும் நாமறிந்தவை. எட்டு மணித்தியால நாளென்று கொண்டால் அதிலேயே மணித்தியாலத்துக்கு 125 ரூபா. அம்மா, “கொந்தரப்புக்குப் போனாலும் இதவிடக் கூடக் குடுப்பாங்க” என்று தாளை மடித்து வைத்தார்.

இங்கேதான் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் நினைவுக்கு வருகின்றது. ஆற்று வளைவொன்றிலே அமைந்த அவ்வூர் முன்னர் பருத்தித் தோட்டமாயிருந்தது. அங்கு வாழ்வோர் அத்தோட்டத்து அடிமைகளின் வழிவந்த கறுப்பின மக்கள். வயலில் உழைத்து முழங்கால் வெளுத்த காற்சட்டைகளையும் பழைய சட்டைகளையும் கொண்டு அவ்வூர்ப் பெண்கள் குளிருக்குப் போர்வை தைத்தனர். 1966இல், வாக்குரிமைப் போராட்டம் நடந்த அதே பிரதேசத்தில், தையற் கூட்டுறவு ஒன்று உருவாயிற்று; போர்வைகள் நகரக் கடைகளுக்குச் சென்றன. 2002இல் ஹூஸ்டன் கலைக்கூடத்திலும் பின்னர் நியூயோர்க்கின் விட்னி கலைக்கூடத்திலும் அவை நவீன ஓவியங்களுக்குச் சமமாகச் சுவரில் தொங்கின. 2006இல் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றை முத்திரைகளாக வெளியிட்டது. அடுத்த ஆண்டே, 2007இல், போர்வைகளின் உரிமையும் வருமானமும் பற்றித் தைத்த பெண்களுட் சிலர் நீதிமன்றம் சென்றனர். வழக்கு 2008இல் முடிவுக்கு வந்தது. சுவரில் தொங்கவிட்டுப் புகழ்ந்தவுடன் தைத்த கைக்குரிய நியாயம் கிடைத்துவிடும் என்று எண்ணுவோருக்கு இந்த ஆண்டு வரிசை பயன்படும்.

எம் மாவட்டத்திலும் ஊசிவேலை கலையாக மதிக்கப்பட்ட இடமொன்று உண்டு. திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டதாகப் போற்றப்படும் அலுவிகாரையில், ஈனா டி சில்வா (1922–2015) ஊர்ப் பெண்களைக் கொண்டு பற்றிக் வேலையும் ஊசிவேலையும் வளர்த்தார். ஜெஃப்ரி பாவா அமைத்த பெந்தோட்டை கடற்கரை ஹோட்டலின் கூரையை அலங்கரித்த பற்றிக் அவருடையது. கிராமத்துப் பெண்ணின் வேலையை வாங்குவோர், அது மலிவானது என்பதற்காகவன்றி நல்லது என்பதற்காக வாங்கவேண்டும் என்ற நிலையை அங்கு காணலாம். அம்மாவை ஒருமுறை அங்கு அழைத்துச் சென்றேன். அவர் விலைச் சீட்டுகளை முதலிற் பார்த்தார். பின்னர் ஒரு விரிப்பின் ஓரத்தைப் புரட்டி அடித்தையலைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு, நம்ம தையல் இதுக்குக் கொறச்சல் இல்ல” என்றார். அவர் தம் வேலையைப் பற்றித் தாமாக ஒரு நல்ல வார்த்தை கூறியதை நான் கேட்டது அன்றுதான்.

திரும்பி வந்தபின் இரண்டாவது போர்வையைத் தொடங்கினார். இம்முறை முழுவதும் பிறைகள். கடல்நீல நிறமும் சாம்பல் நிறமும். நடுவில் இரண்டு சாரங்கள். நான் விடுமுறைக்குச் செல்லும்போதெல்லாம் என் மூலையிலிருந்து சிறிது தைத்து வந்தேன். கடந்த தை மாதம் அது முடிவடைந்தது. கடைக்கு அனுப்பிய தாளில் விலை மாத்திரம் எழுதாமல், துணியின் நிறை, நூற்கட்டைகளின் எண்ணிக்கை, மணித்தியாலங்கள், மணித்தியாலத்துக்கு 125 ரூபா என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொன்னார். கீழே தம் பெயரையும் எழுதுமாறு கூறினார். தையற்காரி என்று எழுதவா என்று கேட்டேன். ‘துன்னகாரர்’ என்னும் சொல்லை நான் முன்னர் கூறியிருந்தது அவர் நினைவிலிருந்தது போலும்; அது நன்றாயிருக்கின்றதே, ஆனால் கடைக்காரருக்கு விளங்குமா என்றார். ஆகவே பெயர் மாத்திரம் எழுதினோம்.

தாள் சென்று மூன்று வாரமாகின்றது. பதில் வரவில்லை. போர்வை தையல் மேசையின்மேல் மடித்தபடி இருக்கின்றது. நெந்தாவின் பேரப்பிள்ளைக்கென்று அம்மா நைலக்ஸ் சேலைகளில் ஒன்றைக் கிழித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார். ஊசி வழுக்குகின்றதாம், நூலுக்கு மெழுகு தடவினாற் சரிவரும் என்று நேற்றுத் தொலைபேசியிற் கூறினார்.